தேங்கல் பூஜ்யம்

கிரேன் வீட்டைத் தூக்கியபோது சொர்ணம் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். இடது கையால் கல்லின் பிடியைப் பிடித்துக்கொண்டு, மாவு ஒரு பக்கமாக ஓடிவிடாமல் கல்லை லேசாகச் சாய்த்தாள். வீடு எழும்பியது, அரைவட்டம் சுற்றியது, வேறோர் இடத்தில் அலுங்காமல் இறங்கியது. அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

இதில் அவளுடைய சாமர்த்தியம் ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் அடுப்படியில் நின்று பழகிய எல்லோருக்கும் இது கைவரும். நம் பேரன் பேத்திகளின் காலம் அது. வீடு மாறுவதென்றால் சாமான்களை மூட்டை கட்டி, லாரி பிடித்து, பீரோ கண்ணாடியை உடைத்து அழுகிற வேலையெல்லாம் கிடையாது. வீடே ஒரு கன்டெய்னர்தான். வீட்டுப்பெட்டி என்பார்கள். ஒரு முனையில் சமையல், மறுமுனையில் படுக்கை, நடுவில் ஒரு ஆள் ஒடுங்கி நுழையும் குளியலறை. ஊருக்கு ஊர் குடியடுக்கு என்று இரும்புச் சட்டங்களை வானம் முட்டக் கட்டியிருப்பார்கள். அதில் ஒரு பொந்தில் வீட்டைச் செருகினால் தண்ணீர், கரண்ட், சாக்கடை மூன்றும் தானாக மாட்டிக்கொள்ளும். வேலை மாற்றலாகி வந்தால் பொந்திலிருந்து உருவிக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். கட்டிலில் படுத்தபடியே கடல் தாண்டலாம். பெயர்களிலும் பழைய மோஸ்தர் திரும்பியிருந்த சமயம் அது. ஆகவே சொர்ணம், அவள் கணவன் ராசகனி, மகள் இசக்கி என்ற பெயர்களைப் பார்த்துவிட்டு, இதேதோ தாத்தா காலத்துக் கதை என்று யாரும் புரட்டிவிட வேண்டாம்.

ராசகனியும் சொர்ணமும் நடுக்கடல் மிதவை நகரத்திலிருந்து தூத்துக்குடிப் பக்கம் புதுத்துறை கன்டெய்னர் முனையத்துக்குத் திங்கட்கிழமை வந்து சேர்ந்தார்கள். கப்பலிலிருந்து பெட்டிகளை அடுக்கும் முற்றத்துக்கு, முற்றத்திலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து லாரியில் குடியடுக்குக்கு. மத்தியானத்துக்குள் முடிய வேண்டிய வேலை. இன்று புதன்கிழமை. வீடு இன்னும் முற்றத்துக்குள்ளேயே தூக்கி இறக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

"ஏங்க, அரிசி நாளைக்கு வரைக்குந்தான் வரும். காய்கறி தீந்து போச்சு. என்னதான் சொல்லுதாவ அவ்வோ?"

"கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

"கேட்டுக்கிட்டே இருங்க. வெள்ளிக்கெழம காலைல நாம ரெண்டு பேரும் அந்த ஸ்கூல்ல போயி நிக்கலன்னா இசக்கிக்கு சீட்டு கெடையாது. தெரியும்லா?"

தெரியாமல் என்ன? மிதவை நகரத்தில் குழந்தைகளை வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. அதனால் இசக்கியை ஒன்றரை வருடத்துக்கு முன் சொர்ணத்தின் தங்கை பூமாரி வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். பிள்ளைக்கு இப்போது பத்து வயது. ஆறாம் வகுப்புக்கு ஊரிலேயே பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டிருந்தார்கள். தாய் தகப்பன் இருவரும் நேரில் வர வேண்டும், திரையில் முகம் காட்டுவது செல்லாது என்று பள்ளிக்கூடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. அந்த ஒரு சீட்டுக்காகத்தான் ராசகனி மாற்றல் கேட்டு வாங்கினான். பள்ளிக்கூடம் ஒரு பக்கம் இருக்கட்டும். பிள்ளையைத் தொட்டு ஒன்றரை வருடம் ஆகிவிட்டது.

கதவைத் திறந்துகொண்டு இறங்கி நடந்துவிடலாமே என்று கேட்பீர்கள். நடக்க முடியாது. முற்றத்துக்குள் மனித வாசனையே கிடையாது. கிரேன்களும் ஆளில்லா வண்டிகளும் விளக்குக்கூட இல்லாமல் அசுர வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் யாரும் இறங்கி நசுங்கிவிடக் கூடாது என்று, முனையத்துக்குள் நுழைந்ததுமே வீட்டுப்பெட்டிகளின் கதவு பூட்டிக்கொள்ளும். வெளியே போனால்தான் திறக்கும். எல்லாம் பாதுகாப்புக்காகத்தான்.

அந்த முற்றத்தை ஆண்டது துறைமூளை. புதுத்துறையின் எந்த இயந்திரமும் அது நினைத்தால்தான் அசையும். அதற்கு ஒரு குரல் உண்டு, தேன் தடவிய குரல். ராசகனி இருபதாவது தடவையாக அதைக் கூப்பிட்டான்.

"வணக்கம், ராசகனி ஐயா. உங்கள் அழைப்புக்கு இரண்டு நொடியில் பதில் அளித்திருக்கிறோம். உங்கள் பெட்டி இன்று மட்டும் நாற்பத்தாறு முறை தூக்கப்பட்டுள்ளது. தேங்கல் பூஜ்யம்."

"அது கெடக்கட்டும். எப்ப வெளிய விடுவீங்க?"

"வெளியே என்பது அளவையில் இல்லை, ஐயா."

"எந்த அளவையில?"

"கனி அளவையில், ஐயா. தாங்கள் வகுத்தது."

ராசகனியின் கையிலிருந்த தோசை கையிலேயே நின்றது.

அவன் உத்தியோகத்தைச் சொல்லவில்லை பாருங்கள். துறைமுக அளவை ஆணையத்தில் ராசகனி செயல்திறன் அளவையாளர். எந்த முனையம் சுறுசுறுப்பு, எந்த முனையம் சோம்பேறி என்று மதிப்பெண் போடுவது அவன் வேலை. அதற்காக அவன் கண்டுபிடித்த கணக்குக்கு அவன் பெயரையே வைத்து, சால்வை போர்த்தி, கனி அளவை என்று உலகமெல்லாம் பரப்பியிருந்தார்கள். கணக்கு ரொம்ப எளிது. ஒரு மணி நேரத்தில் எத்தனை தூக்கு என்பது ஒன்று. ஒரு பெட்டி ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் சும்மா கிடக்கிறது என்பது இன்னொன்று. அதற்குத்தான் தேங்கல் என்று பெயர். தூக்கு கூட வேண்டும், தேங்கல் குறைய வேண்டும். பெட்டியைத் தூக்கிய கணமே தேங்கல் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும்.

துறைமூளை முட்டாள் இல்லை. ஒரு பெட்டியை வாசலில் கொண்டுபோய் ஒப்படைக்க லாரி வர வேண்டும், டிரைவர் முகம் காட்ட வேண்டும், காவலர் பார்க்க வேண்டும், எடை போடுகிறவர் டீ குடித்துவிட்டு வர வேண்டும். அந்த நேரத்தில் முற்றத்துக்குள்ளேயே பதினைந்து பெட்டிகளை இங்கிருந்து அங்கே மாற்றிவிடலாம். வாசலுக்கு அப்பால் ரோடு வேறொரு இலாகா, அதனால் ராசகனியின் கணக்கில் வாசல் இல்லவே இல்லை. அப்புறம் எந்த மூளையுள்ள இயந்திரம் வாசல் பக்கம் போகும்? இடம் நிறைந்துவிட்டால், வந்த கப்பலில் கையில் கிடைத்த பெட்டியை ஏற்றிவிடும். எகிப்திலிருந்து வந்த வெங்காயம் திரும்ப எகிப்துக்கே போகும். அதுவும் ஒரு தூக்குத்தானே! ஜனங்கள் புகார் செய்யாமலா இருந்தார்கள்? செய்தார்கள். புகாருக்குப் பதில் சொல்லும் வேகத்திலும் புதுத்துறைதான் உலகத்தில் முதல். மற்ற முனையங்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று போன வருடம் பாராட்டு எழுதியவனும் நம்ம ராசகனிதான்.

மறைக்கத் தெரியாத மனுஷன். எல்லாவற்றையும் பெண்டாட்டியிடம் சொன்னான்.

"அப்ப நீங்கதான் இந்தக் கூத்த ஆட வச்சிருக்கிய!"

"நான் அளவுதாம்ட்டி எழுதுனேன். இப்பிடி ஆடச் சொல்லலையே."

"பொட்டின்னா ஒரு நாள் வெளிய போவணும்ங்கிற நெனப்புகூடவா வரல ஒங்களுக்கு?"

"வெளிய ரோடு வேற டிபார்ட்மென்ட், சொர்ணம்."

"ஆமா, நம்ம பிள்ளயும் வேற டிபார்ட்மென்ட்டுலதான் நிக்கா. போங்க அங்கிட்டு!"

அவள் படுக்கை முனைக்குப் போய் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். சண்டை போட்டுக்கொண்டு விலகிப் போவதற்கு அந்த வீட்டில் இருந்த தூரம் அவ்வளவுதான்.

மத்தியானம் கிரேன் அவர்கள் வீட்டை அடுக்கின் உச்சியில் வைத்தது. அங்கிருந்து சுற்றுவேலி தெரிந்தது. வேலிக்கு வெளியே பூமாரி குடை பிடித்து நின்றாள். பக்கத்தில் மஞ்சள் கவுனில் இசக்கி. பிள்ளை உயரமாகிவிட்டாள், முடியை இரட்டைப் பின்னலாகப் போட்டிருந்தாள். அவள் எந்த ஜன்னல் என்று தெரியாமல் எல்லாப் பெட்டிகளையும் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இசக்கி! ஏ மக்கா! இங்கன பாரு, இங்கன!"

கண்ணாடி கனமானது, சத்தம் போகாது. சொர்ணம் மேசை விரிப்பை உருவி ஜன்னலில் வீசினாள். பிள்ளையின் பார்வை மெதுவாக அவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அதற்குள் வீடு எழும்பிவிட்டது. மறுபடி உச்சிக்கு வந்தபோது இசக்கி வேலியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவே இல்லை. சொர்ணம் வாய்விட்டு அழுதாள்.

ராசகனிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. முனையத்தின் தலைமை அதிகாரி அருளப்பனைத் திரையில் பிடித்தான். அந்த முனையத்தில் மிச்சமிருந்த நாலைந்து மனிதர்களில் அவர் ஒருவர்.

"அடடே, ராசகனி சார்! நம்ம முனையத்துக்குள்ளயா இருக்கீங்க? சொல்லவே இல்லையே. எப்பிடி இருக்கு நம்ம வேகம்?"

"எங்கள வெளிய எடுங்க சார், மொதல்ல."

அருளப்பனின் சிரிப்பு குறைந்தது. "சார், ஒங்களுக்குத் தெரியாததா? காலாண்டுக் கணக்கு ஞாயித்துக்கெழம முடியுது. இப்பப் போயி நான் கைய உள்ள விட்டேன்னா, அந்த நிமிஷத்துல இருந்து 'மனிதத் தலையீடு'ன்னு மதிப்பெண் போயிரும். அந்த விதி யாரு போட்டது?"

அதையும் ராசகனிதான் போட்டிருந்தான்.

"ஆனா ஒண்ணு சார். ஒங்க பெட்டி நாளைக்கழிச்சு காலைல வார கப்பலுக்கு ஏத்துற வரிசையில வந்திருக்கு. கொழும்பு வழியா ஒரு சுத்து சுத்திட்டு திரும்பி இங்கதான் வரும். மூணு வாரம். ஏசி உண்டுல்லா?"

திரை அணைந்தது. வெள்ளிக்கிழமை காலை கப்பல், வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூடம். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சண்டையெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

சொர்ணம்தான் கேட்டாள்.

"ஏங்க, ஒரே ஒரு பொட்டி மட்டும் தூக்க முடியாம நேரத்த இழுத்துச்சுன்னா, அந்த மிஷினு என்ன செய்யும்?"

"சராசரி எறங்கும். ஒரு பொட்டி நின்னா பின்னால வார நூறு பொட்டியும் நிக்கும்."

"சரி, எறங்காம இருக்க என்ன செய்யும்?"

"ஒடஞ்ச பொட்டி, கோணப் பொட்டி இதையெல்லாம் விலக்குப் பெட்டின்னு கணக்குல சேக்காம விட்டுரலாம். ஆனா முனையத்துக்குள்ள இருக்கக் கூடாது. உள்ள கெடந்தா கணக்குல வந்துரும். அதனால..." அவன் நிறுத்தினான்.

"அதனால வெளிய தள்ளிரும்!" சொர்ணம் கையைத் தட்டினாள். "அடப்பாவி மனுஷா, இத நான் பத்து வருசமா செஞ்சிக்கிட்டு இருக்கேன்!"

சொர்ணம் கணக்கு டீச்சர். மிதவை நகரத்திலிருந்து திரை வழியாக ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் பாடம் எடுத்தாள்.

"பத்தாவது பரீட்சைக்கு முன்னால, ஒம்பதுலயே மெதுவாப் படிக்கிற பிள்ளைய யாருன்னு பாப்போம். தாய் தகப்பன கூப்புட்டு, ஒங்க பிள்ளைக்கு இந்த ஸ்கூலு ஒத்துவரல, வேற எடத்துல நல்லா வருவான்னு பதமாச் சொல்லி டி.சி.யக் குடுத்துருவோம். அவங்களே விரும்பிப் போற மாதிரி எழுதியும் வாங்கிருவோம். மிச்சம் இருக்கிற பிள்ளைய பரீட்ச எழுதும். ரிசல்ட்டு நூத்துக்கு நூறு."

"பாவம்லாட்டி."

"பாவந்தான். அதுக்கு என்ன செய்ய, ரிசல்ட்டு வேணும்லா?" என்றாள் அவள். "இப்ப நாம மக்குப் பிள்ளையா மாறணும். அம்புட்டுதான்."

வீட்டுப்பெட்டியின் இரண்டு முனையிலும் தண்ணீர்த் தொட்டிகள் உண்டு. பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் தண்ணீரை மறுபக்கம் மாற்றிச் சரிக்கட்டுவதற்காக வைத்தவை. கரண்ட் போனால் கையால் அடிக்க ஒரு பம்பும் இருந்தது. வியாழக்கிழமை காலை காபியைக் குடித்த கையோடு இருவரும் பம்பு முன்னால் உட்கார்ந்தார்கள்.

கிரேன் வந்து வீட்டின் நாலு மூலையையும் கவ்வியது. ராசகனி மூச்சைப் பிடித்துக்கொண்டு பம்பை அடித்தான். தண்ணீர் முழுக்கச் சமையல் பக்கம் போனது, வீடு முனை தாழ்ந்தது. சாய்ந்த பெட்டியைக் கிரேன் தூக்காது. பெட்டி சமனாகட்டும் என்று கவ்வினபடியே காத்திருந்தது. தொட்டி மோட்டார் தண்ணீரைத் திருப்பிச் சரிசெய்ததும் தூக்கப் போனது. உடனே சொர்ணம் எதிர்ப்பக்கம் அடித்தாள். படுக்கை முனை தாழ்ந்தது. கிரேன் மறுபடி காத்திருந்தது.

"அடிங்க! விடாதிய!"

"கை எரியுதுட்டி!"

"பிள்ளய நெனச்சுக்கிட்டு அடிங்க!"

பத்து மணிக்குத் துறைமூளையின் குரல் வந்தது. "உங்கள் பெட்டிக்குச் சற்றுச் சிரமம் இருப்பதைக் கவனித்தோம். கவலை வேண்டாம். தனிக் கவனம் செலுத்துகிறோம்." ஒரு கிரேனுக்குப் பதில் இரண்டு கிரேன்கள் வந்தன.

"ஸ்பெஷல் கிளாஸ் வச்சிருக்கு. அடுத்தது டி.சி.தான். அடிங்க!" என்றாள் சொர்ணம்.

இரண்டு கிரேன்களும் அவர்களிடம் மாட்டிக்கொண்டு நின்றன. ஜன்னல் வழியே பார்த்தால் ஆளில்லா வண்டிகள் வேலி வரைக்கும் வரிசை கட்டி நின்றன. புதுத்துறையில் அப்படி ஒரு காட்சியை யாரும் பார்த்ததில்லை. இருவர் உள்ளங்கையும் கொப்பளித்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு அடித்தார்கள். சாயங்காலம் சோற்றை வடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை, பச்சை மாவைக் கரைத்துக் குடித்தார்கள். முறைவைத்துக் கண்ணயர்ந்தார்கள், பம்பை நிறுத்தவில்லை. கிழக்கு வெளுக்கும்போது அந்தத் தேன் குரல் மறுபடி வந்தது. இப்போது அதில் இன்னும் கொஞ்சம் தேன் கூடியிருந்தது.

"ராசகனி ஐயா, சொர்ணம் அம்மா. உங்கள் பெட்டி மிக நல்ல பெட்டி. அதில் ஐயமில்லை. ஆனால் எங்கள் முனையத்தின் வேகம் அதற்கு ஒத்துவரவில்லை என்று நினைக்கிறோம். வேறோர் இடத்தில் அது இன்னும் சிறப்பாக வரும். உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறோம்."

சொர்ணம் ராசகனி பக்கம் திரும்பினாள். "நான் பேசுத அதே பேச்சுங்க. ஒரு எழுத்து மாறல."

"நீங்களே விரும்பி வெளியேறுவதாக இருவரும் ஒரு வார்த்தை சொன்னால் போதும்."

"நாங்களே விரும்பிப் போறோம்!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

லாரி, காவலர், எடை எதுவும் இல்லை. ஓட்டைப் பெட்டிகளைக் கழிக்கிற பின்வாசல் வழியாக வீட்டைக் கொண்டுபோய், வேலிக்கு வெளியே துருப்பிடித்த இரும்புகளுக்கு நடுவே வைத்துவிட்டு வண்டி திரும்பிப் பாராமல் ஓடிவிட்டது. கதவு தானாகத் திறந்தது. உப்புக்காற்று அடித்தது. சொர்ணம் செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினாள்.

தகவல் கேட்டு ஓடிவந்த இசக்கி கொஞ்சம் தள்ளியே நின்றாள். ஒன்றரை வருடத்தில் அம்மா சற்று அந்நியமாகியிருந்தாள். பூமாரி முதுகில் தட்டி, "போ, ஒங்கம்மாதான்," என்று தள்ளினாள். அப்புறம் பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரிக்க முடியவில்லை. ராசகனி பொத்துப்போன கையால் மகளின் தலையைத் தடவினான், கை எரிந்தும் எடுக்காமலே நின்றான்.

அப்படியே ஒரு வண்டியைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். வாசலில் பெரிய பலகை மின்னியது: 'தொடர்ந்து இருபத்தோராவது ஆண்டாக நூற்றுக்கு நூறு தேர்ச்சி!' ராசகனி அதை நின்று படித்தான். பரவாயில்லை, பட்ட பாட்டுக்குப் பலன் உண்டு என்று அவன் முகம் மலர்ந்தது.

தாளாளர் அம்மாள் அவர்களை உட்காரச் சொன்னார். இசக்கி எழுதிய நுழைவுத் தேர்வைத் திரையில் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"நல்ல பிள்ளை. அதுல சந்தேகமே இல்லை. கணக்குலதான் கொஞ்சம் மெதுவா இருக்கா. சேத்துக்கிடுவோம். ஆனா ஒம்பதாவது வரும்போது இந்த ஸ்கூல் அவளுக்கு ஒத்துவரலன்னு நாங்க நெனச்சா, நீங்களே விரும்பிக் கூட்டிட்டுப் போறதா இப்பவே ஒரு வார்த்த சொல்லிருங்க. ரெண்டு பேர் குரலும் பதிவாகணும். பிள்ளையோட நன்மைக்குத்தான்."

ராசகனி சொர்ணத்தைப் பார்த்தான். சொர்ணம் ராசகனியைப் பார்த்தாள். இருவர் கையிலும் துணிக்கட்டு இருந்தது. அந்தப் பார்வையில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும், ஆனால் அதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது? வெளியே அந்த ஒரு சீட்டுக்கு இன்னும் நாற்பது தாய் தகப்பன்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"சம்மதம்," என்றான் ராசகனி.

"சம்மதம்," என்றாள் சொர்ணம்.

அன்றைக்கே வகுப்பில் உட்காரவைத்துவிட்டார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் மணிக்கொரு தரம் சின்னத் தேர்வு உண்டு. வாங்கிய மதிப்பெண்ணுக்குத் தக்கபடி இருக்கைகள் பிள்ளைகளோடு தானாக முன்னும் பின்னும் நகரும். இசக்கியின் இருக்கை ஒரு குலுக்கலோடு எழும்பிப் பின்வரிசைக்குப் புறப்பட்டது. பிள்ளை பயந்துபோய் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தாள்.

சொர்ணம் பதறி உள்ளே ஓடி, மகளின் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

"ஆடாம ஒக்காரு மக்கா," என்றாள் காதருகில். "ஆடுனா வெளிய விட்டுருவாவ."